ட்ரொன்ஹெய்மிலிருந்து பூடோ வரை: நார்வேக் குளிரில் ஒரு பகல் வண்டி

நார்வேயில் ரயில் பயணம் என்றால் நம்மவர்கள் விசாரிப்பது ஓஸ்லோ – பெர்கன் பாதையைத்தான். அதில் தப்பே இல்லை. 1909-ல் திறந்த அந்தப் பாதை, மரம் செடி எதுவும் வளராத மலைமேட்டின் மேல் ஏறி இறங்குகிறது. நடுவில் வரும் ஃபின்செ நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஊருக்குக் கார் போகும் சாலையே கிடையாது, ரயில்தான் எல்லாம். மிர்டாலில் இறங்கி வண்டி மாறினால், இருபதே கிலோமீட்டரில் 860 மீட்டர் கீழே இறக்கி, ஃப்ளோம் கிராமத்தில், மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்நீரான ஃபியோர்டின் கரையில் விட்டுவிடும். இரண்டிலும் போயிருக்கிறேன், இரண்டும் அழகு. ஆனால் குளிர்காலத்தில், தனியாக, ஒரே ஒரு ரயில் பயணம்தான் வாய்க்கும் என்று யாராவது என்னைக் கேட்டால், வடக்கே போங்கள் என்றுதான் சொல்வேன். ட்ரொன்ஹெய்ம் நகரத்திலிருந்து பூடோ வரை போகும் நூர்லான் பாதை. 729 கிலோமீட்டர். நார்வேயின் மிக நீளமான ரயில் பாதை இதுதான். பெரும்பகுதிக்கு மின்கம்பி கிடையாது, டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது. காலையில் ஏறினால் இறங்க மாலையாகிவிடும்.

இது ஊர்க்காரர்களின் வண்டி. பெர்கன் வண்டியில் ஏறுகிறவர்களில் நிறையப் பேர் ஜன்னலுக்காகவே ஏறுகிறார்கள். இங்கே ஏறுகிறவர்களுக்கு எங்கேயோ ஒரு வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் கிழவர், லீவு முடிந்து முகாமுக்குப் போகும் பட்டாளத்துப் பையன்கள், பனிச்சறுக்குக் கட்டைகளை உறையில் போட்டு மேலே சொருகிவிட்டு உடனே தூங்கிப்போகும் கல்லூரிப் பெண்கள். அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து போவதில் ஒரு நிம்மதி உண்டு. யாரும் நம்மை எதையும் பார்க்கச் சொல்லி அவசரப்படுத்துவதில்லை.

இன்னொரு காரணம் இந்தப் பாதையை யார் போட்டார்கள் என்பது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

அலுவலக வேலையாக நான் ஓஸ்லோவில் தங்கியிருந்த குளிர்காலம் அது. ஜனவரி கடைசியில் பூடோவுக்குப் போகிறேன் என்றதும் உடன் வேலை பார்த்தவர்கள் முகத்தைச் சுருக்கினார்கள். ஜூனில் போ, நடுராத்திரியிலும் சூரியன் இருக்கும், இப்போது போனால் இருட்டைத்தான் பார்ப்பாய் என்றார்கள். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் நேர்மாறு. பூடோ 67 பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பர் நடுவில் அங்கே சூரியன் அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் போய்விடும். ஜனவரி கடைசிக்குள் அது திரும்பி வந்து, ஐந்து மணி நேரம் போல மேலே இருக்கிறது. மேலே என்றால் உச்சிக்கு அல்ல. அடிவானத்தை ஒட்டியே உருண்டு போய் மறைகிறது. விடிந்ததிலிருந்து மறையும்வரை வெளிச்சம் சாய்வாகவே விழுகிறது, நிழல்கள் நீண்டே கிடக்கின்றன. வண்டி ஓடும் நேரம் பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு என்பதால், விடியலும் பகலும் அந்தியும் முழுதாக ஒரே ஜன்னலுக்குள் வந்துவிடும். கோடையில் இது கிடைக்கவே கிடைக்காது.

தனியாக ஏன் என்று வீட்டிலும் கேட்டார்கள். அம்மா தொலைபேசியில் இரண்டு முறை கேட்டார். துணைக்கு ஆள் இருந்தால் நாம் பார்ப்பதில் பாதியைப் பேசியே தீர்த்துவிடுகிறோம். "அங்க பாரு" என்று சொல்லி முடிப்பதற்குள் அது போய்விடுகிறது. அடுத்ததைப் பார்க்காமல் போனதையே பேசிக்கொண்டிருப்போம். நான் ஜன்னலுக்காகத்தான் போனேன், ஜன்னலுக்குத் தனியாள் போதும். பெண் தனியாகப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: நான் போன வண்டிகளில், நிலையங்களில், இருட்டிய பிறகு தெருக்களில், ஒரு தடவைகூடப் பயப்படும்படி எதுவும் நடக்கவில்லை. பயப்பட வேண்டியது தரையில் கிடக்கும் பனிக்கட்டிக்குத்தான். அதற்கு ‘ப்ரொடர்’ என்று ஒன்று விற்கிறார்கள். ரப்பர் வளையத்தில் சின்னச் சின்ன இரும்பு முள் வைத்தது, காலணியின் மேல் மாட்டிக்கொள்ள வேண்டும். எழுபது வயதுப் பாட்டிகள் அதை மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் விறுவிறுவென்று நடந்து போகிறார்கள். விலையுயர்ந்த ஜாக்கெட் வாங்கும் முன் இதை வாங்குங்கள். உள்ளே போட்டுக்கொள்ளக் கம்பளி இழையில் நெய்த பனியன் ஒன்று. பருத்தி கூடாது, வேர்த்தால் குளிரும்.

டிக்கெட்டுக்கு ‘என்டூர்’ செயலி. நாட்டின் எல்லா ரயில், பேருந்து, படகுகளும் அதில் இருக்கின்றன. முன்கூட்டியே எடுத்தால் விலை பாதிக்கும் கீழே போகும். வடக்கே போகும்போது இடப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். ட்ரொன்ஹெய்ம் ஃபியோர்டு, ஸ்னோசா ஏரி, ரானா ஃபியோர்டு, கடைசியில் பூடோவுக்குள் நுழையும்போது வரும் நீர்ப்பரப்பு, எல்லாமே இடப்பக்கம்தான்.

ஓஸ்லோவிலிருந்து ட்ரொன்ஹெய்ம் வரையிலான முதல் நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மியோசா ஏரிக் கரையோரமாகப் போய், லில்லஹாமர் தாண்டி, குட்பிரான்ஸ் பள்ளத்தாக்கு வழியாக டோவ்ரே மலைமேட்டில் ஏறி இறங்கும் பாதை, 1921-ல் முழுமையானது. நல்ல பாதைதான். அந்தப் பள்ளத்தாக்கில்தான் 1863-ல் ஆன் ஹோவ் என்ற பண்ணைப் பெண், பால் திரிந்த தண்ணீரைக் காய்ச்சும்போது பாலேட்டையும் சேர்த்துப் பார்த்தார். அப்படி வந்ததுதான் நார்வேக்காரர்கள் இன்றும் காலை மாலை தின்னும் பழுப்புச் சீஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் சர்க்கரையைக் குறைத்து உப்புப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். ரயிலின் சிற்றுண்டிப் பெட்டியில் இதய வடிவ வாஃபிளின் மேல் இதைச் சீவி வைத்துத் தருவார்கள். நான் ட்ரொன்ஹெய்மில் இறங்கும்போது இருட்டி வெகுநேரம் ஆகியிருந்தது. நிடாரோஸ் தேவாலயத்தை வெளியே நின்று பார்த்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

வடக்கு வண்டி காலை எட்டு மணிக்கு முன்பே கிளம்பிவிடுகிறது. சூரியன் உதிக்க ஒன்பது மணிக்கு மேல் ஆகும். பெட்டிக்குள் விளக்கு எரிவதால் ஜன்னலில் முதலில் தெரிவது நம் முகம்தான். இரண்டு கைகளையும் கண்ணுக்கு ஓரமாகக் குவித்து, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டினால் வெளியே தெரியும். பனி தனக்கென்று கொஞ்சம் வெளிச்சம் வைத்திருக்கிறது. முழு இருட்டிலும் வயல் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்: தண்ணீர் கறுப்பு, கரை சாம்பல். பண்ணை வீடுகளின் ஜன்னல்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விளக்கு. திரையை இழுத்து மூடுவதில்லை. வீட்டுக்குள் யாரும் இல்லாத அறையிலும் ஜன்னலோரம் ஒரு விளக்கு எரிகிறது. தெருவில் போகிறவனுக்காக வைத்தது போலத்தான் எனக்குத் தோன்றியது.

ஸ்டைன்ஷெர் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று கிளம்பியபோது விடியத் தொடங்கியிருந்தது. இந்த இடத்தில்தான் நான் கையிலிருந்த புத்தகத்தை மூடிப் பையில் போட்டேன், பிறகு எடுக்கவேயில்லை. விடிவது என்றால் நம்மூரில் போலச் சட்டென்று வருவதில்லை. கறுப்பு முதலில் மைநீலமாகிறது. அப்படியே நெடுநேரம் நிற்கிறது. பிறகு ஸ்னோசா ஏரி வந்தது. உறைந்து, மேலே பனி மூடி, வெறும் வெள்ளைச் சமவெளியாகக் கிடந்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்து மலையின் உச்சியில் மட்டும் இளஞ்சிவப்பு ஒரு கோடாக விழுந்தது. அந்தக் கோடு மலைச்சரிவில் மெல்ல மெல்ல இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். முதலில் மொட்டைப் பாறை, பிறகு பிர்ச் மரங்கள், பிறகு ஊசியிலை மரங்கள். வெளிச்சம் தொட்ட மரங்கள் எல்லாம் ஒவ்வொரு ஊசியும் தனித்தனியாகத் தெரியும்படி பூத்து நின்றன. அது பனி விழுந்து படிந்ததல்ல, காற்றிலிருந்த ஈரம் அப்படியே உறைந்து ஒட்டியது. வண்டியின் அதிர்வில் தடத்துக்குப் பக்கத்து மரங்களிலிருந்து அது பொடியாக உதிர்ந்தது. சூரியன் ஏரிக்கரையைத் தொட்ட நேரத்தில் எதிர் இருக்கைப் பெரியவர் தூக்கத்திலிருந்து விழித்து, வெளியே பார்த்து, தலையை ஒருமுறை அசைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

க்ரோங் தாண்டியதும் ஊர்கள் அருகிவிடுகின்றன. காடும் ஆறும்தான். கலைமான்கள் இங்கே வளர்ப்பு விலங்குகள், ‘சாமி’ என்ற இந்த வடபகுதிப் பழங்குடி மக்களின் மந்தைகள். ஆழமான பனியில் நடக்க முடியாமல் அவை பனி அள்ளிய ரயில் தடத்துக்கு வந்துவிடுகின்றன. 2017 நவம்பரில் மூஷேன் பக்கம் சில நாட்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கலைமான்கள் சரக்கு வண்டிகளில் அடிபட்டுச் செத்தன. இன்றும் எஞ்சின் ஓட்டுநர் காட்டுக்குள் வேகத்தைக் குறைத்து நீளமாக ஊதும்போது பெட்டியில் இருக்கும் ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்க்கிறார்கள். இந்த மூஷேனில்தான் எல்சா லாவுலா ரென்பெர்க்கின் கல்லறை இருக்கிறது. கலைமான் மேய்க்கும் குடும்பத்துப் பெண். 1917 பிப்ரவரி 6 அன்று சாமி மக்களின் முதல் பெரிய மாநாட்டை ட்ரொன்ஹெய்மில் கூட்டியதில் முன்னின்றவர். அந்த நாள்தான் இன்று சாமி தேசிய நாள். அவர் மக்களின் மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் நான் உட்கார்ந்திருந்த வண்டி போகிறது.

மதியம் சிற்றுண்டிப் பெட்டியில் போய் உட்கார்ந்து, முதல் நாள் கிண்டி எடுத்துவந்த புளிச்சாதத்தைத் திறந்தேன். அங்கே வீட்டுச் சாப்பாடு எடுத்துவருவது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. பாதிப் பெட்டி அதைத்தான் செய்கிறது. ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே ஒட்டாமலிருக்கச் சதுரமாக வெட்டிய மெழுகுத்தாள் வைத்து அடுக்கிய பொட்டலம். தாளை ஒவ்வொன்றாக உரித்து மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். புளிக்காய்ச்சல் வாசனைக்கு இரண்டு மேசை தள்ளி ஒருவர் திரும்பிப் பார்த்தார். அறுபதுக்கு மேல் வயது, காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி.

"பிள்ளை, தமிழோ?"

"ஆமாங்க ஐயா."

"இந்தியாவோ? தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டுக்கொண்டே தன் காபியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டார்.

ஊர் யாழ்ப்பாணம். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். முதலில் தங்கிப் படிக்கும் மக்கள் கல்லூரி ஒன்றில் மொழி படித்து, பிறகு இன்னும் வடக்கே ஃபின்மார்க் கடற்கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. இப்போது பூடோவில் வீடு, பேரப்பிள்ளைகள். நார்வேத் தமிழர் வரலாறு அந்த வடகோடி மீன் தொழிற்சாலைகளை விட்டுவிட்டு எழுத முடியாதது. 1956-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த அந்தோனி ராஜேந்திரத்தில் தொடங்குகிறது அது. பிற்பாடு ஊரில் சீநோர் மீன்பிடித் தொழில் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்தான். அவருக்குப் பின்னால் மாணவர்களாக வந்தவர்கள் கொஞ்சம், 83-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் நிறைய. ஊரார் விட்டுவிட்டுத் தெற்கே போன வேலைகளில் இவர்கள் நின்றார்கள்.

"குளிர் பழகீடும் பிள்ளை. இருட்டுத்தான் பழகாது," என்றார். "முதல் வருசம் சூரியன் போன நாளைக் கலண்டரில கீறி வச்சனான். ரெண்டு மாசம் ஒண்டுமில்லை. மெசினுக்கு முன்னால நிண்டு மீன் வெட்டுறது, அறைக்குப் போய்ப் படுக்கிறது. பிறகு ஒருநாள் மத்தியானம் ஃபக்டரியில எல்லாரும் வெளியால ஓடினவை. என்னெண்டு பாத்தா, மலைக்கு மேல கொஞ்சூண்டு சூரியன். ரெண்டு நிமிசம் நிண்டிருக்கும். சின்னப்பிள்ளையளுக்கு அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில பணிஸ் குடுப்பினம், சூரியப் பணிஸ் எண்டு. நாங்களும் வாங்கிச் சாப்பிட்டனாங்கள்."

நான் கொடுத்த புளிச்சாதத்தை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ரானா ஃபியோர்டு வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அங்கே ஃபின்னைட்ஃபியோர்டு என்ற இடத்தில் தடம் பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு போகிறது. 2024 அக்டோபரில் அங்கே தடத்தில் சரிந்து கிடந்த பாறையில் மோதி இதே பகல் வண்டி தடம்புரண்டது, ஓட்டுநர் இறந்துபோனார். அதை எனக்குச் சொன்னவரும் அவர்தான். பிறகு, "ரொக்னான் தாண்டேக்க இருட்டீடும், ஒண்டும் தெரியாது. ஏலுமெண்டால் நாளைக்குப் பகல்ல போய்ப் பாருங்கோ. அந்த ரோட்டைக் கைதியளைக் கொண்டுதான் வெட்டினவங்கள். ரத்த ரோட்டு எண்டுதான் சொல்லுறது," என்றார்.

மூ ஈ ரானா பெரிய நிலையம். இரும்பாலைப் புகைபோக்கிகள் தெரியும் ஊர். பலர் இறங்குவார்கள், ஏறுவார்கள். நார்வே தேசிய நூலகத்தின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. மலையைக் குடைந்து உள்ளே அறைகள் கட்டி, குளிரும் ஈரமும் அளந்து வைத்து, நூல்களையும் இதழ்களையும் ஒலிப்பதிவுகளையும் பாதுகாக்கிறார்கள். நாட்டில் வெளியாகும் எதுவானாலும் பிரதி கொடுத்தாக வேண்டும் என்று சட்டம். அப்படியானால் ஓஸ்லோவில் அச்சான தமிழ் இதழ்களுக்கும் அந்த மலைக்குள் இடம் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1981-ல் ஒரு நூலகம் எரிந்து, அதற்குப் பிறகு ஊரைவிட்டு வந்தவர்கள் அச்சடித்த தாள்கள். நிலையத்தில் வண்டி நின்ற நேரம் முழுக்க நான் அந்த மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் சால்ட்ஃபியெல் மலை. டுண்டர்லான் பள்ளத்தாக்கில் ஏற ஏற மரங்கள் குட்டையாகி, வளைந்து, கடைசியில் இல்லாமலே போயின. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சூரியன் மறைந்த பிறகு அங்கே ஒரு நீல வெளிச்சம் வருகிறது. பனி, வானம், மலை, மூன்றுமே ஒரே நீலம். எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. தடத்தின் ஓரத்தில் பனி தடத்தை மூடாமலிருக்க மரப்பலகைத் தடுப்புகள் வரிசையாக நின்றன. அவை மட்டும்தான் அங்கே மனிதர் கை பட்டது. ஆர்க்டிக் வட்டம் வருகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தடத்தின் இருபுறமும் வெள்ளையடித்த கற்குவியல் அடையாளங்கள். கல்லூரிப் பெண்கள் கைப்பேசியைத் தூக்கினார்கள், அதற்குள் கடந்துவிட்டது.

இந்த மலையில் தடம் போட்டவர்கள் யார் என்பதைப் படித்துவிட்டுத்தான் நான் வந்திருந்தேன். நார்வே அரசு மெதுவாக வடக்கே நீட்டிக்கொண்டிருந்த பாதை இது. 1940-ல் நாட்டைப் பிடித்த ஜெர்மானியர்கள் இதை நார்விக் வரை, அதற்கும் அப்பால் ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்க்கனெஸ் வரை கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். அதற்கு ஆள் வேண்டும். கிழக்குப் போர்முனையில் பிடிபட்ட சோவியத் கைதிகளையும், யூகோஸ்லாவியாவில் பிடிபட்டவர்களையும் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். சோவியத் நாட்டிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நார்வேக்குக் கொண்டுவரப்பட்டனர். பதின்மூன்றாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். யூகோஸ்லாவியக் கைதிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. பசி, குளிர், காய்ச்சல், அடி, துப்பாக்கி. நான் கம்பளிப் பனியனும் காலுறையும் போட்டுக்கொண்டு, காலடியில் வெப்பக்குழாய் ஓடும் பெட்டியில் உட்கார்ந்து பார்த்த அந்த நீலத்தில், கிழிந்த கோட்டும் மரக்கட்டைச் செருப்புமாக அவர்கள் பாறை உடைத்தார்கள். போர் முடிந்தபின் மிச்சத்தை நார்வே கட்டியது. பாதை பூடோவைச் சேர்ந்தது 1962-ல்.

அதே ஆண்டுகளில்தான், 1942-லும் 43-லும், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை ஜப்பானியர்கள் சயாம்–பர்மா பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் காட்டுப்பாதை. அங்கே கொதிக்கும் காடு, காலரா. இங்கே உறைபனி, காசநோய். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகளை ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள். செத்த தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. என் மனம் நார்வே மலையில் நின்றுகொண்டு சயாமுக்குப் போனது இயல்பாகத்தான். ரயில் பாதை போடுவதில் செத்தவர்கள் என்றால் தமிழில் படித்து வளர்ந்தவருக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது அதுதான்.

பூடோவில் நான் தங்கிய வீட்டில் சமையலறை ஜன்னலில் ஒரு மரப்பறவை தொங்கியது. உள்ளங்கை அளவு. ஒரே கட்டையை மெல்லிய இதழ்களாகக் கீறி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பி விசிறியாக விரித்துச் சிறகு செய்திருந்தது. பசையோ ஆணியோ கிடையாது. இதழ்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு நின்றன. தொட்டால் உடைந்துவிடும் போலிருந்தது, எண்பது வருடமாக உடையவில்லை. வீட்டுக்காரம்மாவின் தாய்க்கு ரஷ்யக் கைதி ஒருவர் கொடுத்ததாம். வேலைக்கு நடத்திப் போகும் வழியில் வேலியோரம் அவித்த உருளைக்கிழங்கை வைத்துவிட்டு வருவார்களாம். கண்டுபிடித்தால் இரண்டு பக்கமும் தண்டனை. சில நாள் கழித்து அதே இடத்தில் இப்படி ஏதாவது இருக்கும். இப்படிப்பட்ட பறவைகளும் சின்ன மரப்பெட்டிகளும் நார்வேயில் பல வீடுகளில் இருக்கின்றன, அருங்காட்சியகங்களிலும் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் ரொக்னானுக்குப் போனேன். பூடோவிலிருந்து உள்ளூர் வண்டி போகிறது, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து சில கிலோமீட்டரில் பூட்ன். கைதிகள் முகாம் இருந்த இடம். அவர்கள் வெட்டிய சாலைதான் ஐயா சொன்ன ரத்தப் பாதை. டாக்சி ஓட்டிவந்த பெண், சாலையோரம் நிறுத்திவிட்டு, காத்திருக்கிறேன் என்றார். கூடுதல் காசு கேட்கவில்லை. யூகோஸ்லாவியக் கைதிகளின் கல்லறை ஒருபுறம், 1,600-க்கும் மேற்பட்டோர். பக்கத்திலேயே ஜெர்மன் படைவீரர்களின் கல்லறை, 2,700-க்கும் மேற்பட்டோர். இரண்டின் மேலும் முழங்கால் அளவுப் பனி. எனக்கு இரண்டையும் ஒரே மனத்தோடு பார்க்க முடியவில்லை, பார்க்க முயலவும் இல்லை. கைதிகள் பக்கம் மட்டும் பனியில் கால் புதைய நடந்து போய் நின்றுவிட்டு வந்தேன்.

சோவியத் கைதிகளின் கதை இன்னும் மோசம். 1951-ல் நார்வே அரசு, கல்லறைகளைப் பார்க்க வருகிறோம் என்று ரஷ்யர்கள் உளவு பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, வட நார்வே முழுக்கக் கிடந்த கல்லறைகளைத் தோண்டியது. எலும்புகளைத் தார்ப்பூச்சுக் காகிதப் பைகளில் கட்டிக் கப்பலில் ஏற்றி ஷெட்டா என்ற தீவுக்குக் கொண்டுபோய் ஒன்றாகப் புதைத்தது. அந்த நடவடிக்கைக்குப் பெயரே ‘அஸ்ஃபால்ட்’, அதாவது தார். ஊரார் எழுப்பியிருந்த நினைவுக் கற்கள் பல உடைக்கப்பட்டன. மூ ஈ ரானாவில் மக்கள் அதை எதிர்த்துத் திரண்டார்கள். 7,500-க்கும் மேற்பட்டோர் ஷெட்டாவில் கிடக்கிறார்கள். பெரும்பாலோர் பெயரில்லாமல் புதைக்கப்பட்டவர்கள். ஆவணங்களைப் புரட்டிப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கும் வேலை வெகுகாலம் கழித்துத்தான் தொடங்கியது. அந்த வேலையைச் செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. சயாம் பாதைக்கு அப்படி ஒரு பட்டியலை யாராவது முழுதாகச் செய்து முடிக்க வேண்டும் என்ற ஆசையும்.

பூட்னுக்குப் போக நினைப்பவர்கள் டாக்சியை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள், நிலையத்தில் நிற்காது. சாலையில் பனி அள்ளுகிறார்கள், கல்லறை நடைபாதையில் அள்ளுவதில்லை. முழங்கால்வரை வரும் காலணி வேண்டும், ப்ரொடர் அங்கே உதவாது. பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் போய்ச் சேரும்படி பாருங்கள், வெளிச்சம் அப்போதுதான். கிளம்பும் முன் செயலியில் "பஸ் ஃபோர் டோக்" என்று போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். தடத்தில் பனிச்சரிவோ பாறையோ விழுந்திருந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். திரும்பி வரும்போது பகல் வண்டியைத் தவறவிட்டால் கவலையில்லை, இரவு வண்டி இருக்கிறது, அது காலையில் ட்ரொன்ஹெய்மில் விட்டுவிடும். எனக்கு அடுத்து ஃபௌஸ்கேயில் இறங்கி நார்விக் போக வேண்டும். கைதிகளை வைத்துப் போட நினைத்த அந்தப் பகுதி இன்றுவரை கட்டப்படவில்லை. கட்டலாமா என்று நார்வேயில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்போதைக்குப் பேருந்துதான்.